ராவுல ரெண்டு மணி: தூக்கத்தின் ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. தூக்கம் வராதவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆனால் படுக்கையில் கிடந்தபடி ஃபோனில் வாசிக்க வேண்டாம், காரணம் கீழே வரும்.

எங்கள் பக்கத்தில் நாற்பது வயது தாண்டியவர்களிடம் சுகம் விசாரித்தால் பலர் சொல்வது இதுதான்: "ராவுல ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அதோட சரி சேர், பிறகு தூக்கமே இல்ல." சிலர் அடுத்ததாக இன்னொன்றும் சொல்கிறார்கள்: "பக்கத்து வீட்டு மாமி ஒரு குளிசை தந்தா, அதப் போட்டா நல்லாத் தூங்குது." எனக்குப் பயம் இந்த இரண்டாவது வசனத்தில்தான். நான் வைத்தியன் அல்ல, பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்த இரண்டு வசனங்களுக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் முதலாவதைப் பற்றிய கவலை குறையும், இரண்டாவதைப் பற்றிய கவனம் கூடும் என்று நினைக்கிறேன்.

ரொஜர் எகிர்ச் என்று ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர். பழைய ஐரோப்பாவில் மக்கள் இரவை எப்படிக் கழித்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். நீதிமன்றப் பதிவுகள், நாட்குறிப்புகள், வைத்திய நூல்கள் என்று பார்த்துப் போகும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'முதல் தூக்கம்'. முதல் தூக்கம் இருந்தால் இரண்டாவதும் இருக்க வேண்டுமே. இருந்தது. இருட்டிச் சில மணித்தியாலத்தில் படுத்து, நடுச்சாமத்தில் எழும்பி, ஒரு மணித்தியாலம் போல விழித்திருந்து, மறுபடி படுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் பிரார்த்தித்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள், சிலர் அடுப்பைக் கவனித்தார்கள். இதை ஒரு நோயாகவோ முறைப்பாடாகவோ யாரும் எழுதவில்லை. சாப்பிட்டேன், குளித்தேன் என்பது போலத்தான் எழுதியிருக்கிறார்கள். எகிர்ச் இதைக் கட்டுரையாக 2001 இலும், புத்தகமாக 2005 இலும் வெளியிட்டார்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, 1990 களின் தொடக்கத்தில், தோமஸ் வேர் என்ற மனநல ஆய்வாளர் வேறொரு பக்கத்தால் இதே இடத்துக்கு வந்திருந்தார். ஆரோக்கியமான சில ஆட்களை ஒரு மாதம் வரை, நாளுக்கு 14 மணித்தியாலம் இருட்டில் இருக்க வைத்தார். நான்காவது கிழமையளவில் அவர்களது தூக்கம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் அமைதியான விழிப்பு.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு ஐரோப்பா பெரிதாகத் தெரியவில்லை. எங்களுடைய கிதாபுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தஹஜ்ஜுத் என்பது தூங்கி எழும்பித் தொழும் தொழுகை என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். நபி தாவூத் (அலை) இரவில் பாதியைத் தூங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, மீதி ஆறில் ஒரு பங்கில் மறுபடி தூங்கினார்கள் என்று புகாரியில் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதுவும் இரண்டு தூக்கம்தான். சூரா நூரின் 58 ஆவது வசனம், பிள்ளைகளும் வேலையாட்களும் அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டிய மூன்று நேரங்களைச் சொல்கிறது: சுபஹுக்கு முன், உடை களையும் நடுப்பகல், இஷாவுக்குப் பின். அந்தக் காலத்து மக்கள் எப்போதெல்லாம் சாய்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? பகலில் கைலூலா, இரவில் இஷாவோடு ஒதுங்குதல். இஷாவுக்கு முன் தூங்குவதும் இஷாவுக்குப் பின் கதைத்துக்கொண்டிருப்பதும் நபி (ஸல்) அவர்களுக்குப் பிடிக்காதவை என்பதும் ஹதீஸில் உள்ளது. நாங்கள் இன்று அதன் முதல் பாதியை நன்றாகவே கடைப்பிடிக்கிறோம், இரண்டாவது பாதியை வட்ஸ்அப் குழுமங்களிடம் கொடுத்துவிட்டோம்.

தமிழிலும் இரவு ஒரே துண்டாக இருந்ததில்லை. மாலை, யாமம், வைகறை என்று பத்துப் பத்து நாழிகையாகப் பழைய இலக்கணம் பிரித்தது. நடுச்சாமம், சாமக்கோழி என்ற சொற்கள் எங்கள் மூத்தம்மாமாரின் வாயில் இன்னும் இருக்கின்றன. விழித்திருந்து பார்த்தவர்கள்தானே இரவுக்கு இத்தனை பெயர் வைத்திருக்க முடியும்?

பக்தாதில் 11 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு புத்லான் என்ற வைத்தியர், உடல்நலத்துக்கு அவசியமான ஆறு விடயங்களை அட்டவணைகளாக வரைந்து ஒரு நூல் செய்தார். காற்று, உணவும் பானமும், அசைவும் ஓய்வும், உடல் கழிப்பதும் தேக்குவதும், மன உணர்ச்சிகள். இவற்றோடு சேர்த்து, தூக்கமும் விழிப்பும். இலங்கையில் யூனானி வைத்தியம் படிப்பவர்கள் இன்றும் இந்த ஆறையும் படிக்கிறார்கள். தூக்கம் தனியாகத் திருத்தும் பொருள் அல்ல, மற்ற ஐந்தோடு சேர்ந்தே ஆடும் என்பது அதன் கருத்து. அந்தக் கால வைத்தியத்தில் நான் ஏற்காதவை நிறைய உண்டு. இது மட்டும் சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்படியென்றால் எல்லா மனிதரும் இரண்டாகத்தான் தூங்கினார்கள்" என்று யாரும் பகிர்ந்துவிடாதீர்கள். 2015 இல் வெளியான ஓர் ஆய்வு தன்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களைப் பார்த்தது. மின்சாரம் இல்லாத வாழ்க்கை. அவர்கள் பெரும்பாலும் ஒரே தூக்கமாகத்தான் தூங்கினார்கள், அதுவும் சூரியன் மறைந்து சுமார் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு. தூங்கிய நேரம் சராசரியாக 5.7 முதல் 7.1 மணித்தியாலம் வரை. எட்டு மணித்தியாலம் கட்டாயம் என்று கவலைப்படுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனியுங்கள். சான், சிமானே மொழிகளில் தூக்கமின்மை என்பதற்கு ஒரு சொல்லே இல்லையாம். இங்கிலாந்தின் மாரிகால இரவு 16 மணித்தியாலம் நீளும். எங்கள் நாட்டில் வருடம் முழுக்க இரவு பன்னிரண்டை ஒட்டியே இருக்கும். ஆகவே ஐரோப்பாவின் கதையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது 2017 இல் வந்த இன்னொரு ஆய்வு. அதே ஹட்சா மக்களில் 33 பேருடைய தூக்கத்தை 20 நாட்கள், கையில் கட்டும் கருவியால் அளந்தார்கள். சுமார் 220 மணித்தியாலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆழ்ந்து தூங்கியது வெறும் 18 நிமிடம். மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவர் விழித்திருந்தார், அல்லது அரைத்தூக்கத்தில் இருந்தார். இளையவர்கள் பிந்திப் படுத்தார்கள், வயதானவர்கள் முந்தி விழித்தார்கள். ஒருவரும் காவல் நியமிக்கவில்லை, ஆனாலும் கூட்டத்துக்குக் காவல் கிடைத்தது. வயதானவர்களின் தூக்கம் மெலிவது கோளாறு அல்ல, மனிதக் கூட்டம் உயிர் தப்புவதற்கு அதுவும் உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். யுத்த காலத்தில் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் ராவுல எந்த நாய் குரைத்தாலும் முதலில் எழும்பியது யார்? மூத்தவாப்பாதானே.

பிறகு இரவுக்கு என்ன நடந்தது? வெளிச்சம் வந்தது. 1807 இல் லண்டன் பால் மால் வீதியில் வாயு விளக்கு, 1879 இல் எடிசனின் மின்குமிழ். தொழிற்சாலைகள் மணிக்கூட்டைக் கொண்டுவந்தன. 19 ஆம் நூற்றாண்டு முடியும்போது ஐரோப்பாவில் 'முதல் தூக்கம்' என்ற சொல்லே மறைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு இது மிகப் பிந்தி வந்தது. லக்சபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கினாலும், எண்பதுகளின் ஆரம்பத்தில்கூட நாட்டில் ஐந்தில் ஒரு வீட்டுக்கும் மின்சாரம் இல்லை. ஐரோப்பா நூறு வருடத்தில் கடந்ததை, குப்பி லாம்பிலிருந்து கைபேசி வெளிச்சம் வரை, நாங்கள் ஒரே தலைமுறையில் கடந்திருக்கிறோம். உடம்பு தடுமாறாமல் என்ன செய்யும்?

மணிக்கூடு எவ்வளவு செயற்கையானது என்பதை எங்கள் நாடே ஒருமுறை காட்டியது. 1996 இல் வரட்சி, மின்வெட்டு. மாலையில் எரியும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25 ஆம் திகதி நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது. "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாத காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிவாசலில் மட்டும் குழப்பம் குறைவு. பாங்கு சூரியனைப் பார்த்தது, கடிகாரத்தின் எண்கள்தான் மாறின.

வெளிச்சத்தோடு இன்னொன்றும் வந்தது. 15 ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் கோப்பி குடித்தார்கள். 1511 இல் மக்காவில் அதற்குத் தடை போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் 1869 இல் வந்த இலைநோயால் அழிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பியோ தேயிலையோ, உள்ளே இருப்பது ஒரே கஃபீன். குடித்து ஐந்து மணித்தியாலம் போன பிறகும் ஏறக்குறையப் பாதி உடம்பில் நிற்கும். சூபிகள் விழித்திருப்பதற்காகவே அதைக் குடித்தார்கள். நாங்கள் இரவு பத்து மணிக்குப் பிளேன்டீ குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறோம்.

இனிக் குளிசையின் கதை. 19 ஆம் நூற்றாண்டில் புரோமைட்டும் குளோரல் ஹைட்ரேட்டும் இருந்தன. 1903 இல் ஜெர்மனியில் பார்பிட்டல் அறிமுகமானது. அதன் குடும்பத்து மருந்துகள் அரை நூற்றாண்டு உலகைத் தூங்க வைத்தன, அளவு மீறியபோது பலரை எழும்பவே விடவில்லை. அதற்குப் பதிலாக, "மிகப் பாதுகாப்பானது" என்று 1957 இல் மேற்கு ஜெர்மனியில் ஒரு தூக்கக் குளிசை கடைக்கு வந்தது. பெயர் தலிடமைட். கர்ப்பிணிகளும் போட்டார்கள். 1961 இல் திரும்பப் பெறும்போது, கை கால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் உலகெங்கும் பிறந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். அந்தத் தாய்மாரில் பலர் கேட்டது ஒரு நிம்மதியான தூக்கம் மட்டும்தான்.

1960 களில் வேலியம் வகைக் குளிசைகள் வந்தன. பழையவற்றைவிடப் பாதுகாப்பானவை, உண்மைதான். ஆனால் இரண்டு பத்தாண்டுக்குள் அவையும் ஆளைப் பழக்கிவிடுகின்றன என்று தெரிந்தது. 1988 இல் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. எங்கள் வீடுகளில் எத்தனை பேர் எத்தனை வருடமாகப் போடுகிறார்கள்? வயதானவர்கள் ராவுல மலசலகூடத்துக்கு எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் இந்தக் குளிசைகளுக்கும் பங்கு உண்டு. நீண்ட காலம் போடுகிறவர்கள் இந்தப் பதிவை வாசித்துவிட்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மாமியின் குளிசை மாமிக்கு மட்டும்.

1972 இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் மருந்தில்லாத ஒரு முறையை எழுதினார். தூக்கம் கண்ணை இழுக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போ. படுக்கையில் படிக்காதே, கவலைப்படாதே. கால் மணித்தியாலம், இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழும்பி வேறு இடத்துக்குப் போ, இழுக்கும்போது திரும்பி வா. எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பு. அவ்வளவுதான். படுக்கை என்றால் புரளும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது, அதைத் தூங்கும் இடம் என்று மறுபடி பழக்குவதே நோக்கம். பிறகு பலர் சேர்ந்து வளர்த்த இந்த வகைச் சிகிச்சையைத்தான் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டும், குளிசையை அல்ல என்று 2016 இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி பரிந்துரைத்தது.

மூத்தவர்கள் விழிப்பு வந்தால் புரண்டுகொண்டிருக்கவில்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். எழும்பினார்கள், வுளூ செய்தார்கள், இரண்டு ரக்அத் தொழுதார்கள், மங்கிய லாம்பு வெளிச்சத்தில் கொஞ்சம் இருந்தார்கள், திரும்பப் படுத்தார்கள். சுபஹு அவர்களை ஒரே நேரத்துக்கு எழுப்பியது. அவர்கள் இபாதத்துக்காகச் செய்ததைச் சிகிச்சை என்று நான் சொல்ல வரவில்லை. தூக்கம் அதைத் தாங்கியது என்று மட்டும் சொல்கிறேன். இப்போது விழிப்பு வந்ததும் கை முதலில் தேடுவது ஃபோனை. மணி 2.10. சுபஹுக்கு இன்னும் எவ்வளவு, நாளைக்குப் பாடசாலை என்ற கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்குத்தான் தூக்கத்தைத் துரத்துகிறது. கடிகாரத்தை முகத்துக்கு எதிரே வைக்காதீர்கள், ஃபோன் அடுத்த அறையில் சார்ஜ் ஆகட்டும்.

கைலூலா பற்றிக் கேட்பீர்கள். இரவில் நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு லுஹரை ஒட்டி இருபது நிமிடம் நல்லது. இரவில் தூங்க முடியாதவர்கள் சில கிழமைக்கு அதைத் தள்ளி வையுங்கள். பகலில் தீர்த்த பசி இரவில் எடுக்காது. அஸருக்குப் பிறகு நீட்டி நிமிர்ந்து தூங்குவது கைலூலாவே அல்ல.

பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள், மூன்று மாதத்துக்கு மேலாக வாரத்தில் மூன்று நாளாவது தூங்காதவர்கள், மனம் சோர்ந்து வாழ்க்கையே வெறுத்துப் போனவர்கள் பழக்கத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனநலப் பிரிவுக்குப் போவது வெட்கம் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம், ராவுல ரெண்டு மணிக்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய உம்மும்மா, மூத்தவாப்பா இருந்தால், கரண்ட் வருவதற்கு முன்னால் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், சாமத்தில் விழித்தால் என்ன செய்தார்கள், அந்த நேரத்துக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள். தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து தொகுக்க இருக்கிறேன்.