தாடை மூட்டுக் கோளாறுகளின் நோய் நிர்ணயம்: ஒரு வரலாற்று ஆய்வு

வாயைத் திறந்தால் காதின் முன்புறம் வலிக்கிறது, மெல்லும்போது ‘கடக்’கென்று சத்தம் கேட்கிறது, காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது என்று முறையிடுகிறவரை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் சாதாரணப் பல் வைத்தியரே ஆதலால், அவர் எதனை நோய்க்குக் காரணமாகக் கொள்கிறாரோ அதனைப் பொறுத்தே அந்நோயாளியின் பற்களும் மூட்டும் பிழைப்பதும் கெடுவதும் அமைகின்றன. அக்காரணத்தைப் பற்றிய கொள்கை ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மாறி வந்த விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நழுவிய தாடையைத் திரும்பப் பொருத்தும் வித்தை மிகப் புராதனமானது, கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் எகிப்தியச் சுவடியிலேயே அது விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நழுவாத மூட்டில் நீடித்து நிற்கும் வலி வைத்திய உலகின் பரவலான கவனத்தைப் பெற்றது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை வைத்தியரான ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை அளவுக்கு மீறி மேலேறி, மூட்டுக்கருகிலுள்ள உறுப்புகளை அழுத்துவதாலேயே காதடைப்பும் இரைச்சலும் வலியும் உண்டாகின்றன என்று 11 நோயாளிகளை ஆதாரமாகக் கொண்டு அவர் வாதித்தார். உடற்கூற்று நிபுணர் ஹாரி சிக்கர் 1948இல் இவ்விளக்கத்தை மறுத்த பின்னரும், கடியமைப்பே மூலகாரணம் என்ற நம்பிக்கை பல் வைத்தியத்தில் ஆழ வேரூன்றி, கடியை உயர்த்துவதும் பற்களைத் தேய்த்துச் சமன்படுத்துவதும் சிகிச்சையின் பிரதான அங்கங்களாக நிலைபெற்றன.

கொலம்பியா சர்வகலாசாலையில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் 1950களில் தாடைத் தசைகளின்பால் கவனத்தைத் திருப்பினார். மனக்கவலையால் பற்களை நெரிப்பவரின் தசைகள் களைத்து இறுகுவதே வலிக்கு வித்து என்று டேனியல் லாஸ்கின் 1969இல் எடுத்துரைத்தார். அவரும் அவர் சகாக்களும் 1976இல் வெளியிட்ட பரிசோதனை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். கடியமைப்பில் யாதொரு மாறுதலும் செய்யாமல், பற்களைத் தேய்ப்பதாகப் பாவனை மட்டும் காட்டப்பட்ட 25 பேரில் 16 பேர், தங்கள் உபாதை முற்றிலுமோ பெரும்பாலுமோ நீங்கிற்று என்றனர். தேய்க்காமலே தீர்ந்த வலிக்காகப் பல்லைத் தேய்த்தது அவசியந்தானா என்ற கேள்வியைப் பொறுப்புள்ள எந்த வைத்தியராலும் அதன்பின் தவிர்க்க முடியவில்லை.

எனினும், மூட்டினுள் இருக்கும் குருத்துத் தட்டின் இடப்பெயர்ச்சியைப் படங்கள் காட்டத் தொடங்கியதும் சிகிச்சை மீண்டும் உறுப்பையே நாடிச் சென்றது. தட்டை அகற்றிவிட்டு அவ்விடத்தில் டெஃப்ளான் கலந்த செயற்கைப் பொருளைப் பொருத்தினர்; அது சிதைந்து எலும்பை அரித்ததால் நோயாளிகள் பெருந்துயர் அடைந்தனர்; அமெரிக்க அரசு 1990இல் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

இவ்வனுபவங்களின் பயனாக, உடல் நிலையை ஓர் அச்சிலும் மனநிலையையும் அன்றாட வாழ்வின் இடர்ப்பாட்டையும் மற்றோர் அச்சிலும் வைத்து மதிப்பிடும் ஆராய்ச்சி அளவுகோலை 1992இல் டுவர்க்கினும் லெரெஷ்ஷும் வெளியிட்டனர். மருத்துவமனைகளில் கையாளத்தக்க அதன் திருந்திய வடிவம் 2014இல் வந்தது. அதன்படி வைத்தியர் கன்னத் தசையை ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தத்தில் விரலால் அமுக்கி, ‘வலிக்கிறதா’ என்பதோடு நில்லாமல், ‘நீங்கள் சொன்ன அதே வலிதானா’ என்றும் கேட்கிறார். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளவுகோலால் அளக்கிறார். வலியோ தடங்கலோ இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஏனையோர்க்கு முதற்கண் வேண்டுவன நோயின் இயல்பை விளக்கித் தைரியமூட்டுதல், மிருதுவான ஆகாரம், உதடுகள் சேர்ந்திருக்கப் பற்கள் விலகியிருக்கும் பழக்கம், வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, சில நாட்களுக்கு வலி மருந்து, தேவையானால் இரவில் அணியும் அக்ரிலிக் தகடு ஆகியவையே. வாய் திறவாமல் பூட்டிக்கொள்ளுதல், வீக்கம், முகம் மரத்துப்போதல், ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் நெற்றிப்பொட்டு வலியும் பார்வை மங்கலும் ஆகியவற்றைக் கண்டால் தாமதமின்றி நிபுணரிடம் அனுப்பவேண்டும்.

தேய்த்த பல் மீண்டும் வளராது. அகற்றிய தட்டும் திரும்பி வராது. ஆகவே, மீட்கத்தக்க சிகிச்சைகளை முதலில் பரீட்சித்து, மீட்கவியலாதவற்றுக்குத் திடமான ஆதாரம் கோரும் பல் வைத்தியரே இந்நூற்றாண்டின் படிப்பினையை உணர்ந்தவராவார். அதற்கு வேண்டிய கருவிகளான விரலும் அளவுகோலும் செவிசாய்க்கும் பொறுமையும் மிகச் சிறிய பல் மருத்துவமனையிலும் கிடைப்பனவே.