ஹாம் ரேடியோவுக்கு வெளித்திரை

அமெச்சூர் வானொலிக் கருவியின் முகப்பில் உள்ள சிறு திரையில் தெரிபவற்றைக் கணினி மானிட்டரிலோ வீட்டுத் தொலைக்காட்சியிலோ பெரிதாகக் காட்டும் ஏற்பாடே வெளித்திரை. கருவியே படத்தை வெளியே தரலாம். கருவி தரும் தரவைக் கொண்டு கணினி படம் வரையலாம். அல்லது ஆண்டெனாவில் வரும் அலையை வேறொரு சிறு மென்பொருள் ரேடியோ தனியாகக் கேட்டு வரையலாம். எந்த வழியில் போனாலும் ஒரு சிக்கல் கூடவே வரும். மானிட்டரும் அதன் கேபிளும் ரேடியோ இரைச்சலை உமிழ்பவை. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மற்ற இரைச்சல்களோடு அது கலந்துவிடும். மேற்கே கல்வராயன் மலைமேல் ஏறிவிட்டால் அதுதான் முதலில் கேட்கும்.

திரையின் தேவை

பழைய ரிசீவரில் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணைத்தான் கேட்க முடியும். பட்டை முழுவதும் யார் யார் பேசுகிறார்கள் என்று அறிய குமிழைத் திருகிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தேடலைக் கண்ணுக்கு மாற்றிய கருவிக்குப் பானடாப்டர் என்று பெயர். 1940களில் அமெரிக்காவில் அது ரிசீவரின் பக்கத்தில் வைக்கும் தனிப் பெட்டியாக, வட்டக் கண்ணாடிக் குழாயோடு விற்பனைக்கு வந்தது. ஆக, வெளித்திரைதான் முதலில் வந்தது. கருவிக்குள் திரை புகுந்தது பின்னால்.

இன்று திரையின் மேல்பாதியில் அலைக்கற்றையின் கோடு, கீழ்ப்பாதியில் கணந்தோறும் இறங்கிவரும் வாட்டர்ஃபால் என்று இரண்டும் சேர்ந்தே தெரியும். பேச்சு, மோர்ஸ், எஃப்டி8 என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் உருவம் உண்டு. 2017இல் வந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு சிக்னலும் 50 ஹெர்ட்ஸ் அகலமே கொண்டது. 15 நொடிக்கொரு முறை சிக்னல்கள் மாறும். சென்னை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி.-சி18 ஏந்திச் சென்ற எஸ்.ஆர்.எம்.சாட் போன்ற செயற்கைக்கோள்களின் சிக்னல், டாப்ளர் விளைவால் பல கிலோஹெர்ட்ஸ் நகரும். வாட்டர்ஃபாலில் அது சாய்ந்து வளையும் கோடாக விழும். நாலரை அங்குலத் திரையில் இந்தக் கோட்டைத் தேடுவது கண்ணுக்குத் தண்டனை.

இணைப்பு வகைகள்

யாயெசு எஃப்டி-டிஎக்ஸ்10, எஃப்டி-டிஎக்ஸ்101, எஃப்டி-710, ஐகாம் ஐசி-7610 ஆகியவற்றின் பின்புறத்தில் டிவிஐ-டி சாக்கெட் இருக்கிறது. டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிள் போதும். இரண்டிலும் படம் செல்லும் முறை ஒன்றே. விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு மலிவான மாற்றுமுனை வேலை செய்யாது. டிவிஐ-டியில் அனலாக் சிக்னலே கிடையாது என்பதால் மின்சுற்று உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் வேறு. இக்கருவிகள் வெளியே தருவது 800×480 அல்லது 800×600 புள்ளிகள்தான். 27 அங்குல மானிட்டர் வாங்கினாலும் விவரம் கூடாது, எழுத்து பெரிதாகும், அவ்வளவே. சில புது மானிட்டர்கள் 800×480ஐ ஏற்க மறுத்து, சிக்னல் இல்லை என்று காட்டும். மெனுவில் 800×600க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இணைய மையங்கள் மூடப்பட்டபோது பழைய சாமான் கடைக்குப் போன அந்தச் சதுர மானிட்டர்கள், டிவிஐ சாக்கெட் இருந்தால், இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. மேசையில் பாதி இடம்தான் பிடிக்கும், படமும் இழுபடாது. கருவியின் தொடுதிரை வசதி வெளித்திரைக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2016இல் வந்து உலகெங்கும் பரவிய ஐகாம் ஐசி-7300இல் படம் வெளியே வரும் சாக்கெட் இல்லை. அதில் யூஎஸ்பி கேபிள் வழியே அலைக்கற்றைத் தரவைக் கணினிக்கு அனுப்பலாம். வேகத்தை 115200 பாட் என அமைத்து, டபிள்யூஎஃப்வியூ போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கணினித் திரை முழுவதும் வாட்டர்ஃபால் விரியும். அதே கேபிளில் ஒலியும் கட்டுப்பாட்டுக் கட்டளைகளும் போய்வரும்.

பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கு மலிவான வழி ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். தொலைக்காட்சி பார்க்கச் செய்த ரியல்டெக் சில்லு, ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே பார்வையில் காட்டும். ஆண்டெனாவைப் பகிரும்போது, பேசும் நேரத்தில் டாங்கிளைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம் வேண்டும். 100 வாட் அதற்குள் போனால் ஒரு நொடிகூடத் தாங்காது.

இந்திய வழி

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி விஉ2இஎஸ்இ) திரை இணைப்பை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டு வீட்டிலேயே கட்டக்கூடிய பிட்எக்ஸ் டிரான்ஸீவரை 2003இல் வெளியிட்டவர் அவர். அதன் வழிவந்த மைக்ரோபிட்எக்ஸின் தொடக்கப் பதிப்புகளில் 16 எழுத்து, இரண்டு வரி கொண்ட எல்சிடி மட்டுமே இருந்தது. 2022இல் வந்த எஸ்பிட்எக்ஸில் ராஸ்பெர்ரி பை 4 கணினியே ரேடியோவின் மூளை. அந்தச் சிறு பலகையில் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ வாய்கள் உள்ளன. எனவே வெளித்திரை இதில் தனி வசதியாகச் சேர்க்கப்பட்டதன்று, கணினிக்கு மானிட்டர் செருகுவதுதான். மென்பொருளும் சுற்றுப்படமும் திறந்த நிலையில் இருப்பதால் திரையில் எது எங்கே வரவேண்டும் என்பதைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் விலை வைக்கும் ஜப்பானியக் கருவிகள் இந்த உரிமையைத் தருவதில்லை.

இரைச்சல்

800×600 படத்துக்கு டிவிஐ கேபிளில் ஓடும் கடிகாரத் துடிப்பு 40 மெகாஹெர்ட்ஸ். முழு எச்டி படத்துக்கு அது 148.5 மெகாஹெர்ட்ஸ், ஹாம்களின் இரண்டு மீட்டர் பட்டையான 144–146க்கு அடுத்த வீடு. மலிவான கேபிளின் உறை சரியில்லை என்றால் துடிப்பு வெளியே கசிந்து பட்டைக்குள் வழியும். திரையின் தெளிவுத்திறனையோ புதுப்பிப்பு வேகத்தையோ மாற்றியதும் இரைச்சல் இடம் மாறினால், குற்றவாளி பெரும்பாலும் படச் சிக்னல்தான் என்று சொல்லலாம்.

தமிழகத்து ஹாம்கள் கூடும் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தொல்லை தருவது பெரும்பாலும் மானிட்டரின் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை) அடாப்டர். கண்டுபிடிப்பது எளிது: ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டி, சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரைப் பார்த்தபடி மானிட்டரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். முள் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. மருந்து ஃபெரைட். கேபிளின்மேல் ஒரு குண்டைக் கவ்வவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வார்; 7 மெகாஹெர்ட்ஸில் அதனால் பெரிய பயனில்லை. 31 என்ற கலவையில் செய்த பெரிய வளையத்துக்குள் மின்கம்பியை ஐந்தாறு சுற்றுச் சுற்றினால்தான் பிடிபடும்.

எதிர்த் திசையிலும் தொல்லை உண்டு. பேசும்போதெல்லாம் திரை கருத்துப்போனால், ஆண்டெனாக் கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் திரும்பி வருகிறது என்று பொருள். ஆண்டெனாவின் அடியில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் வைப்பதே தீர்வு; மானிட்டரை மாற்றுவது வீண் செலவு.

கல்வராயன் மலையில்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கெல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகக் கல்வராயன் மலை நிற்கிறது. வடபுறச் சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2700 அடி, தென்புறப் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4000 அடி உயரம். மலையாளி பழங்குடியினரின் சிற்றூர்கள், வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, கோமுகி ஆற்றின் பிறப்பிடம் எல்லாம் இங்கேதான். செல்போன் கோபுரங்கள் எட்டாத மடிப்புகள் பல.

சுற்றுச் சமவெளியைவிட 700 மீட்டர் உயர்ந்த முகட்டில் நின்றால் ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கைக்கருவியே கிழக்கே கடலோரத்தை நெருங்கும். மேற்கே சேலமும் சேர்வராயனும் எட்டிவிடும். பள்ளத்தாக்கில் இறங்கினால் அடுத்த ஊரே கேட்காது. உயரத்தைவிடப் பெரிய வரம் அமைதி. பம்ப்செட் ஸ்டார்ட்டர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாம் கீழேயே நின்றுவிடுவதால், ஊரில் மூழ்கிப்போகும் மெல்லிய மோர்ஸ் ஒலிகள் மேலே தெளிவாக எழும்பும். அந்த இடத்தில் இரைச்சல் கக்கும் மானிட்டரைச் செருகுவது, ஏறிவந்த பயனையே கெடுப்பது.

மின்சாரக் கணக்கும் அதற்கு எதிராகவே இருக்கிறது. ஐசி-7300 கேட்பு நிலையில் 13.8 வோல்ட்டில் சுமார் 0.9 ஆம்பியர், அதாவது 12 வாட் அளவே எடுக்கும். 24 அங்குல மானிட்டர் 20 வாட்டைத் தொடும்; இன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் இழப்பு வேறு. பேட்டரி, கேட்பதைவிடப் பார்ப்பதற்கே அதிகம் செலவாகும். மலைக்குப் பொருந்துவது 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 7 அல்லது 10 அங்குலத் திரை. சார்ஜ் ஏறும் பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும் என்பதால் இடையே ஒரு ரெகுலேட்டர் தேவை. அதுவும் ஸ்விட்சிங் வகையாக இருந்தால் இரைச்சல் மறுபடி வந்துவிடும். திரையை மறைப்பில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எரியவிடுவதே பெரும்பாலும் சிக்கனமான வழி.

மலையிலானாலும் ஊரிலானாலும் ஆண்டெனா வைத்துப் பேச, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பொதுநிலை உரிமத்துக்கு விஉ2, கட்டுப்பாட்டுநிலைக்கு விஉ3 என்று அழைப்புக்குறி தொடங்கும்.

சித்திரை, வைகாசியில் மலைமேல் பிற்பகல் இடிமழை திடீரென்று இறங்கும். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் எச்டிஎம்ஐ கேபிளை மறந்துவிடுவார்கள். மானிட்டர் வீட்டு மின்சாரத்தில் இருந்தால், மின்கம்பியில் பாயும் மின்னல் அந்தக் கேபிள் வழியே ரேடியோவுக்குள் நுழையும். பிளக், ஆண்டெனா, திரைக் கேபிள் மூன்றையும் கழற்ற வேண்டும். மேகம் கறுத்த பிறகு கழற்றப் போவது ஆபத்து, காலையிலேயே செய்துவிட வேண்டும்.