தாளில் மிதந்த கப்பல்களும் பினாங்குத் துறைமுகமும்

'அவன் ஓர் எம்டன்' என்று ஒருவரைச் சுட்டுவது தமிழர் வழக்கு. தந்திரமும் துணிவும் மிக்கவன் என்பது அதன் பொருள். ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் இவ்வாறு நம் பேச்சு மொழியிற் புகுந்ததற்கு 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததே காரணம் என்பதை யாவரும் அறிவர். அதே கப்பல் ஐந்து வாரங்களுக்குப் பின் பினாங்குத் துறைமுகத்தில் செய்தது சென்னையிற் செய்ததினும் பெரிது. எனினும் தமிழ் நூல்கள் அதனைச் சில வரிகளிலேயே முடித்துவிடுகின்றன.

அந்நாளைக் குறித்து ஒரு கேள்வி எழுகிறது. பினாங்கைக் காக்கவென்றே ஒரு கப்பல் அப்போது இருந்திருக்குமாயின் அஃது எத்தகையதாய் இருந்திருக்க வேண்டும்? இக்கேள்வி வெறும் கற்பனை போலத் தோன்றலாம். ஆனால் இத்தகைய கப்பல்களைத் தாளில் வரைந்து, எடையும் கவசமும் பீரங்கியும் வேகமும் கணக்கிட்டுப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகின் பல பகுதிகளிலும் உள்ளனர். இதற்கெனவே கணினி நிரல்கள் கூட வந்துவிட்டன. கரையோரக் காவற்கப்பல்களில் அவர்களுக்குத் தனி விருப்பம். சிறு நாடு, சிறு வருவாய், ஆழமற்ற கடல் என்ற வரம்புகளுக்குள் கணக்கை முடிப்பதே அதன் சுவை.

இது விளையாட்டுத்தான், ஆயினும் வீண் விளையாட்டன்று. ஆங்கிலேயரான பிரெட் ஜேன் 1898இல் கடற்போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய போர்க்கப்பல் தொகுப்பு நூலின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பில், இத்தாலியக் கப்பற்பொறியாளர் குனிபெர்ட்டி, கட்டப்படாத கப்பல் ஒன்றை விவரித்தார். 17,000 டன் எடை, 12 அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு, மணிக்கு 24 கடல்மைல் வேகம். அவருடைய நாட்டுக்கு அத்துணைச் செலவு ஏலாது. மூன்றாண்டுகளில் பிரிட்டன் அக்கருத்தை ஒத்த 'டிரெட்நாட்' கப்பலைக் கடலில் இறக்கியது. அதற்கு முன் கட்டப்பட்ட பெருங்கப்பல்கள் யாவும் பழையனவாயின.

கணக்கின் முறையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். நீளம் 80 மீட்டர், அகலம் 18, நீரில் அமிழும் ஆழம் 5 எனக் கொள்க. பெருக்கினால் 7,200 கன மீட்டர். கப்பலின் அடிப்பகுதி பெட்டி போன்றதன்று, முனைகளிற் குறுகுவது; ஆதலின் 0.65ஆற் பெருக்க 4,680 வரும். கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆகவே கப்பலின் மொத்த எடை 4,797 டன். உடல், பொறி, நிலக்கரி, கவசம், பீரங்கி, மாலுமிகள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் பொறியின் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். எனவேதான் கரையோரக் கப்பல்கள் வேகத்தைத் துறந்து, கனத்த பீரங்கிகளையும் கவசத்தையும் சுமந்தன.

இந்தியக் கடலில் இதற்கு உண்மைச் சான்று உண்டு. பம்பாய்த் துறைமுகக் காவலுக்கென 1870ஐ ஒட்டி 'மக்தலா', 'அபிசீனியா' என்னும் இரு இரும்புக் கப்பல்கள் இங்கிலாந்தில் கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுழலும் கோபுரங்கள் இரண்டு, 10 அங்குலப் பீரங்கிகள் நான்கு. வேகமோ மணிக்குப் பத்துக் கடல்மைல் அளவே. மக்தலா தற்காலிகப் பாய்மரங்கள் நட்டு பம்பாய் வந்து சேர்ந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் அவை அங்கே கிடந்தும் ஒரு பகைவனையும் காணவில்லை. 1903, 1904ஆம் ஆண்டுகளில் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சோம்பிக் கிடந்த கப்பல்கள் என இவற்றை எள்ளுவது தகாது. பகைவன் வராதிருந்ததே காவலின் பயன் என்றும் வாதிடலாம் அன்றோ?

பினாங்குக்கு அத்தகைய கப்பல் கிடைக்கவில்லை. ஆனால் 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியலில் துறைமுகம் வெறுமையாகவும் இல்லை. ரஷ்யப் போர்க்கப்பல் 'ஷெம்சுக்' நங்கூரமிட்டு நின்றது. பிரெஞ்சுக் கப்பல்கள் சிலவும் இருந்தன. எம்டனின் தலைவர் வான் முல்லர் தம் கப்பலின் மூன்று புகைபோக்கிகளுடன் போலியாக நான்காவதொன்றை நிறுத்தி, அதனை ஆங்கிலேயக் கப்பல் போலத் தோன்றச் செய்து உள்ளே நுழைந்தார்.

தாளில் மட்டும் கணக்கிடுவோர் இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். எம்டன் 3,600 டன் அளவினது. 105 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் பத்து. ஷெம்சுக் 3,100 டன். 120 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் எட்டு. வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணக்கு சமன்! ஆனால் ஷெம்சுக்கின் தலைவர் கரையிலே இருந்தார். கப்பலின் காவல் தளர்ந்திருந்தது. பீரங்கிகளுக்கருகே ஆயத்தமாய் இருந்த குண்டுகள் மிகச் சில. எம்டன் நெருங்கி வந்து ஜெர்மானியக் கொடியை ஏற்றி டார்ப்பிடோவை ஏவியது, பீரங்கிகளும் முழங்கின. இரண்டாவது டார்ப்பிடோ பட்டதும் ஷெம்சுக் பிளந்து மூழ்கியது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் தலைவரைப் பின்னர் ரஷ்ய நீதிமன்றம் தண்டித்தது.

இரவுக் காவலுக்குச் சென்று திரும்பிய 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் வழியில் மூழ்கடித்தது. 300 டன் அளவேயான அச்சிறு கப்பல் எதிர்த்துச் சுட்டுக்கொண்டே அமிழ்ந்தது. உயிர் தப்பிய அதன் மாலுமிகளை எம்டன் நீரிலிருந்து மீட்டது. பன்னிரண்டு நாட்கள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனையும் வீழ்த்தியது. சிட்னி எடையிலும் பீரங்கியிலும் பெரியது. அங்கே தாட்கணக்கு பலித்தது.

மலாயாவில் பணம் இல்லாமையாற்றான் பினாங்குக்குக் காவற்கப்பல் வாய்க்கவில்லை என்று எண்ணுதல் தவறு. 1912ஆம் ஆண்டு இரு வேறு நாடுகளில் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக. சுவீடனில் அரசு கரையோரக் கவசக் கப்பல் கட்டுவதை ஒத்திவைத்தது. மக்களே ஏறத்தாழ நூறு நாட்களில் 150 இலட்சம் குரோனருக்கு மேல் திரட்டினர். அப்பணத்தில் 'சுவேரியே' கப்பல் எழுந்தது. தங்கள் கடல், தங்கள் ஆழம், தங்கள் தீவுகள் என்று அளந்து வரைந்த கப்பல் அது.

அதே ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய ஐக்கிய மலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு பெரும் போர்க்கப்பலைப் பரிசாக அளிக்க முன்வந்தன. அதுவே 'மலாயா'. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு; விலை 25 இலட்சம் பவுனுக்கு மேல். அம்மாநிலங்களின் வருவாயோ ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர்ப் பாலை விடியற்காலையில் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழர். அவர்களை எவரும் ஒரு சொல் கேட்டதில்லை. பினாங்கு அந்நாளில் ஐக்கிய மாநிலங்களைச் சேர்ந்ததன்று, நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. ஆயினும் பேராக் தோட்டங்களின் ரப்பர் பினாங்குத் துறை வழியாகவும் கப்பலேறியது. 'மலாயா' 1915இல் நீரில் இறக்கப்பெற்று, 1916 மே 31இல் வடகடலில் ஜட்லாண்டுப் போரில் எட்டு அடிகள் பட்டு, அறுபதுக்கு மேற்பட்ட வீரரை இழந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைத் தாக்கியபோது அக்கப்பல் இக்கடலில் இல்லை.

அண்டை நாடாகிய சயாம் வேறு வழியை நாடியது. 1938இல் ஜப்பானில் கட்டுவித்த அதன் 'தோன்புரி' 2,265 டன் எடையே உடையது. எனினும் 8 அங்குலப் பீரங்கிகள் நான்கு தாங்கியது. பொழுதுபோக்காளர் போற்றும் வடிவம் இதுவே. 1941 ஜனவரி 17ஆம் நாள் காலை சாங் தீவருகே பிரெஞ்சுக் கப்பல் 'லாமோத் பிக்கே' அதனைத் தாக்கியது. பெரிய பீரங்கி சயாமியரிடம், வேகமும் பயிற்சியும் பிரெஞ்சுக்காரரிடம். தோன்புரியின் தலைவர் தொடக்கத்திலேயே மாண்டார். கப்பல் எரிந்து கவிழ்ந்தது.

தோன்புரியின் முன் கோபுரத்தைத் தாய்லாந்துக் கடற்படைப் பள்ளியில் நினைவுச் சின்னமாக நிறுத்தியுள்ளனர். ஷெம்சுக் மாலுமிகளின் கல்லறைகள் பினாங்கு மேற்குச் சாலைக் கிறித்தவ இடுகாட்டிலும், கடலுக்கு நடுவே ஜெரஜாக் தீவிலும் உள்ளன.