கடலடிச் சேறு சாட்சி சொல்ல வந்த கதை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிக்கு 7.25 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் மணக்கடவில் அளந்து கேரளத்துச் சித்தூருக்கு விடவேண்டிய டிஎம்சி அது. வரும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. வயலில் பாய்ந்து, உரத்தையும் மருந்தையும் கரைத்துக்கொண்டு, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் கடலில் விழும் தண்ணீரின் கணக்கை யார் வைப்பது?

கடலடிச் சேற்றில் வாழும் ஃபோராமினிஃபெரா வைத்திருக்கிறது. ஒரே செல்தான், பெரும்பாலும் மணல் பருமன். ஆனால் தனக்கென்று ஓடு கட்டிக்கொள்ளும். உயிர் போனாலும் ஓடு சேற்றில் தங்கிவிடும்.

1826இல் இதற்குப் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் தோர்பிக்னி, கணவாய் இனத்தின் குட்டி உறவு என்று நினைத்தார். ஒரு செல் உயிர் என்று 1835இல் காட்டியவர் துய்ஜார்தான் என்பவர். 1920களில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இதன்மேல் கண் விழுந்தது. துளைப்பான் எந்தக் காலத்துப் பாறையில் நிற்கிறது என்று ஓடுகளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. இனங்களை அடையாளம் காணத் தெரிந்த ஆட்கள் அப்படித்தான் பெருகினார்கள்.

மாசு பார்க்கும் வேலை அதற்குப் பிறகு வந்தது. உயிருள்ளதையும் வெற்று ஓட்டையும் பிரிக்க, ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயத்தை 1952இல் வால்டன் கையாண்டார். 1961இல் வாட்கின்ஸ், கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியின் சாக்கடைக் குழாய் கடலில் திறக்கும் இடத்தைச் சுற்றி இவற்றை ஆராய்ந்தார். இந்தியாவில் 1976இல், தேசியக் கடலியல் நிறுவனத்தின் செட்டி கோவாவின் கோலா விரிகுடாவில் மாசைத் தாங்கும் இனம் எது, தாங்காதது எது என்று பார்த்தார். 1984இல் அவரும் ராஜீவ் நிகமும் மேற்குக் கரையின் மற்ற இடங்களையும் சேர்த்து எழுதினார்கள்.

2012இல் பொது நடைமுறை ஒன்று வந்தது. மேல் 1 சென்டிமீட்டர் சேற்றை எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் சாயம் கலந்த ஆல்கஹாலில் குறைந்தது 14 நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு 125 மைக்ரான் சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்பின் கீழ் சிவந்தவற்றைப் பொறுக்கி எண்ண வேண்டும். எண்ணும்போது ஓர் ஓடு கோணலாக இருந்தாலே உலோக மாசு என்று சொல்லிவிட முடியாது. உப்பு ஏறி இறங்கினாலும் கோணும். முகத்துவாரத்தில் அது அன்றாடம் நடப்பது. அதனால் ஓர் இடத்தை அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவதே நியாயம்.

பழைய நிலை அடிச்சேற்றில் இருக்கிறது. மிசிசிப்பி கடலில் சேரும் லூசியானாக் கரையில் பருண் சென்குப்தா குழுவினர் இதை 1996இல் காட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் தாங்காத குவின்குவலோகுலினா என்ற ஃபோராமினிஃபெரா வகை, 1700 முதல் 1900 வரையான படிவில் தாராளமாக இருந்தது. அதற்கு மேல் காணோம். குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் அம்மோனியா என்ற இன்னொரு வகையின் பங்கு, 20ஆம் நூற்றாண்டுப் படிவில் ஏறியிருந்தது. ஆறு கொண்டுவரும் வயல் உரத்தில் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கருவி வைத்து அளக்க ஆள் வருவதற்கு முன்பே சேறு அதைப் பதிந்து வைத்திருந்தது.

பாரதப்புழைக்கும் இதே கேள்வி உண்டு. 1955இல் மலம்புழை அணை வந்தது. பிறகு ஆழியாறு, ஒப்பந்தம், உர மூட்டை. இவை பொன்னானி முகத்துவாரத்தை என்ன செய்தன என்று இன்றைய தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் தெரியாது. சேற்றில் ஆழமாகக் குழாய் இறக்கி, 1955க்குக் கீழே உள்ள படிவையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.