தலைவரின் ஊதியம் யார் பார்வைக்கு? தொண்டு நிறுவனக் கணக்குகள் குறித்து

தொண்டு நிறுவனத் தலைவரின் சம்பளம் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு சமயங்களில்தான் எழுகிறது. தொண்டுக்குச் சம்பளம் எதற்கு என்று யாராவது முகம் சுளிக்கும்போது ஒன்று. முறைகேடு அம்பலமாகி ஊர் கூடிக் கூச்சலிடும்போது மற்றொன்று. அந்தச் சம்பளத்தை யார் முடிவு செய்தார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள், அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விகள் இரண்டு சமயங்களிலும் விடுபட்டுப்போகின்றன. இந்தியாவில் இவற்றுக்கான விடையில் பெரும்பகுதி அரசின் கோப்பில் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்கு அது எட்டுவதில்லை. இந்த ஏற்பாடு தவறு என்பது என் வாதம்.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் அங்கே வருவாய்த் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 எண் படிவம் பொது ஆவணம். கேட்பவருக்கு நகல் தரவேண்டியது அந்தந்த அமைப்பின் சட்டக் கடமை. (தேவாலயங்களுக்கு இந்தப் படிவமே வேண்டாம் என்பது தனிக்கதை.) படிவத்தின் ஏழாம் பகுதியில் நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பதவி, வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேர வேலை, இந்த அமைப்பு கொடுத்தது, தொடர்புடைய அமைப்புகள் கொடுத்தது, பிற பயன்கள். ஊதியம் 1,50,000 டாலரைத் தாண்டினால் ‘ஜே’ என்ற இணைப்பையும் நிரப்ப வேண்டும். அதன் தொடக்கத்திலேயே கட்டம் கட்டிக் கேட்கிறார்கள்: முதல் வகுப்பு விமானப் பயணம் உண்டா, உடன் வருபவரின் பயணச் செலவு உண்டா, வீட்டுப்படி, கிளப் சந்தா, வீட்டு வேலையாள், டிரைவர், சமையல்காரர் உண்டா? மனிதச் சபலங்களை நன்கு அறிந்த யாரோதான் இந்தப் பட்டியலைத் தயாரித்திருக்க வேண்டும்.

இத்தனை நுணுக்கம் ஏன் தேவை என்பதற்கு யுனைடெட் வே ஆஃப் அமெரிக்கா அமைப்பின் கதை சான்று. அதன் தலைவர் வில்லியம் அராமனி 1992-இல் பதவி விலகியபோது அவருடைய ஊதியமும் பயன்களும் சேர்ந்து ஆண்டுக்கு 4,63,000 டாலர். நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது இந்தத் தொகைதான். ஆனால் 1995-இல் அவருக்கு ஏழாண்டுச் சிறை வாங்கிக்கொடுத்தது சம்பளம் அல்ல. அமைப்பின் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் திருப்பிவிட்ட மோசடி. அமைப்பிலிருந்து கிளைத்த துணை நிறுவனங்கள் அதற்கு வசதியாக இருந்தன. சம்பளத் தொகையை மட்டும் வெளியிடுவதால் பயன் குறைவு என்று நான் கருதுவது இதனால்தான். தொடர்புடைய அமைப்புகளுக்கென்று ஒரு பத்தி இல்லையென்றால் அந்த அட்டவணை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

1996-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. சம்பளத்தை நிர்ணயிக்கும் நடைமுறையைப் பிடித்தது. நியாயமான அளவுக்கு மேல் வாங்கியவர் அந்த மிகைத்தொகையில் 25 சதவீதம் வரி கட்ட வேண்டும். திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். அதே வேளையில், சொந்த ஆதாயம் இல்லாத குழு ஒன்று, ஒத்த அமைப்புகளின் ஊதியத் தரவைப் பார்த்து, காரணத்தை உடனுக்குடன் எழுதி வைத்து முடிவு செய்திருந்தால், அந்த ஊதியம் நியாயமானது என்றே முதலில் கருதப்படும். மறுத்து நிறுவ வேண்டியது வருவாய்த் துறையின் பாடு.

இதில் ஒரு கோளாறும் உண்டு. எல்லாக் குழுக்களும் பக்கத்து அமைப்பின் 990-ஐப் பார்த்தே சம்பளம் நிர்ணயித்தால், சராசரிக்குக் கீழே இருக்க எந்தத் தலைவரும் சம்மதிக்க மாட்டார்; சராசரி ஏறிக்கொண்டே போகும். வெளிப்படைத்தன்மை சம்பளத்தைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அது தரும் பயன் வேறு: கேள்வி கேட்பவருக்குக் கையில் ஆதாரம் கிடைக்கிறது.

இனி இந்தியா. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, நிறுவனர், அறங்காவலர், அவர்களின் உறவினர் ஆகியோருக்கு நியாயமான அளவுக்கு மேல் சம்பளம் கொடுத்தால் வரிவிலக்கைப் பறிக்க வழி செய்தது. விதி நல்லதுதான். ஆனால் ஆடிட்டர் தாக்கல் செய்யும் 10பி படிவத்தைப் பார்ப்பவர் வரி அதிகாரி மட்டுமே. கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதிவான தொண்டு நிறுவனங்களின் கணக்கைக் கட்டணம் செலுத்தி அரசுத் தளத்தில் பார்க்கலாம். அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் நாடு முழுவதற்குமான அத்தகைய தளம் இல்லை. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியோ, இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி சொல்லியாக வேண்டும். லாபத்துக்கு நடத்துபவர் சொல்ல வேண்டியதை, ஊரார் பணத்தில் நடத்துபவர் சொல்ல வேண்டாம்!

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் இந்தக் கோணல் இன்னும் கூர்மை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. நிர்வாகக் குழுவினரின் ஊதியம் அந்த வரம்புக்குள் வருகிறது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் ஆகியோரின் சம்பளம் வருவதில்லை. இப்படி வரம்பு கட்டினால், சம்பளத்தைக் குறைப்பதைவிடப் பதவியின் பெயரை மாற்றுவது எளிது என்று தோன்றாத நிர்வாகி அரிது. அரசு இப்படி இறுக்கிப்பிடித்த அதே காலத்தில் மக்களுக்கான வாசல் குறுகியது. 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம், காலாண்டுதோறும் வரவை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியை நீக்கியது. அமைப்புகளின் ஆண்டறிக்கைகளையும் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

விவரங்களை வெளியிட்டால் அரசும் எதிராளிகளும் அதை வைத்தே துன்புறுத்துவார்கள் என்று தொண்டு நிறுவனத்தார் அஞ்சுகிறார்கள். அச்சம் பொய்யில்லை. ஆனால் அரசிடம் அந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. மறைப்பதால் இழப்பு நன்கொடையாளருக்கும், அமைப்பின் கடைநிலை ஊழியருக்கும்தான். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தன்னார்வ அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நன்கொடையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அத்தீர்ப்பு பொருந்தாது.

தொண்டுத் துறையே உருவாக்கிய கிரெடிபிலிட்டி அலையன்ஸ் அமைப்பின் நெறிமுறை ஒன்று எனக்கு அமெரிக்கப் படிவத்தைவிட மேலாகப் படுகிறது. தலைவரின் ஊதியம், அதிகம் வாங்கும் மூவரின் ஊதியம், இவற்றோடு மிகக் குறைவாக வாங்கும் ஊழியரின் ஊதியத்தையும் ஆண்டறிக்கையில் தரச் சொல்கிறது அது. தலைவர் ஒரு லட்சம் வாங்குவது கூடுதலா என்று தனியே சொல்ல முடியாது. அதே அமைப்பின் களப்பணியாளர் எட்டாயிரம் வாங்குகிறார் என்று தெரிந்தால் சொல்லலாம். சிறிய அமைப்பில் கடைநிலை ஊழியர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அவருடைய பெயரைத் தவிர்க்கலாம். தலைவருக்கு அந்தச் சலுகை கூடாது.

ஆனால் இந்த நெறிமுறை விருப்பத்தின்பேரில் ஏற்பது. அறங்காவலர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்த தொகைகளோ 10பி படிவத்தில் ஏற்கெனவே கேட்கப்படுகின்றன. அந்தப் பக்கங்களை வருமான வரித் துறை தன் தளத்தில் வெளியிடப் புதிய படிவம் எதுவும் வேண்டியதில்லை. அதுவரை, ரசீதுப் புத்தகத்தோடு வருபவரிடம் ஆண்டறிக்கையின் ஊதியப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.