லான்செட்: ஒரு கத்தியின் பெயர்

சுகர் டெஸ்டுக்கு உங்க விரல் நுனியில குத்துற சின்ன ஊசிக்குப் பேரு லான்செட். புகழ்பெற்ற மருத்துவ இதழுக்கும் அதே பேருதான். ஏன்?

பிரெஞ்சுல லான்ஸ்னா ஈட்டி. லான்செட்னா குட்டி ஈட்டி. ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் வடிக்க அன்றைய ஐரோப்பிய மருத்துவர்கள் பையிலேயே வைத்திருந்த கத்தி அது. காய்ச்சலா? ரத்தத்தை எடு. தொண்டை வலியா? ரத்தத்தை எடு.

1799 டிசம்பர்ல தொண்டை அடைச்சுப் படுத்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, ஒரே நாள்ல எடுத்தது 2 லிட்டருக்கு மேல. அன்னிக்கு ராத்திரியே இறந்துட்டார்.

1823-ல் லண்டன்ல தாமஸ் வாக்லி தன் இதழுக்கு இந்தப் பேரை வெச்சார். தேவாலயங்கள்ல இருக்கிற கூர்முனை ஜன்னலுக்கும் லான்செட்னுதான் பேரு. சீழைக் கீறவும் செய்யும், வெளிச்சத்தை உள்ளே விடவும் செய்யும். மருத்துவமனை முறைகேடுகளை அம்பலப்படுத்தின இதழுக்குப் பொருத்தமான பேர்தான்.

ஆனா ரத்தம் எடுக்குற வழக்கத்தை ஆட்டம் காண வெச்சது எண்ணிக்கை. பாரிஸ்ல பியர் லூயி 77 நிமோனியா நோயாளிகளைக் கணக்கெடுத்தார். முதல் 4 நாளுக்குள்ள ரத்தம் எடுத்த 41 பேர்ல 18 பேர் மரணம். அதுக்கப்புறம் எடுத்த 36 பேர்ல 9 பேர். நம்பின அளவுக்குப் பலன் இல்லைனு 1835-ல் எழுதினார்.

"அனுபவத்துல சொல்றேன், இது கேட்கும்"னு யாராவது மருந்து சொன்னா, நீங்களும் கேளுங்க: எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க? எத்தனை பேர் பிழைச்சாங்க?