வானூர்தி ஏடு: பழுதுபார்ப்புப் பதிவேடுகளின் வரலாறு

செய்த வேலையைச் செய்தவாறே எழுதிவைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி. பி. 919, 921), ஊர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்குத் தெரிவு செய்யப்படத் தகாதவர் என விதிக்கின்றன. ஏரியைப் பேணிய ஏரி வாரியத்தாரும் இவ்விதிக்கு உட்பட்டோரே. பலருடைய வாழ்வு எதனைச் சார்ந்துள்ளதோ, அதனைப் பேணுவோர் ஏட்டுக்குப் பொறுப்புடையவராதல் வேண்டும். இக்கருத்து இருபதாம் நூற்றாண்டிலே வானூர்தித் தொழிலிற் பேருருவம் பெற்றது.

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் செக்ரோலை ஊவா மக்கள் நன்கறிவர். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, மலையிலே நாள் முழுவதும் உழைத்தாலும், செக்ரோலில் அந்நாள் குறிக்கப்படாவிடின் கூலி இல்லை. எழுத்தில் ஏறாத உழைப்பு நிகழாத உழைப்பாகவே கொள்ளப்படும். வானூர்திப் பணிமனையின் முதல் விதியும் இதுவே: ஏட்டிலே கையொப்பம் பெறாத வேலை, செய்யப்படாத வேலையாகும்.

1903 டிசம்பர் 17இல் ரைட் சகோதரர் பறந்த ஊர்தியின் எந்திரத்தை அமைத்தவர் சார்ள்ஸ் டெய்லர் என்னும் கம்மியர். அக்காலத்தில் அமைத்தவரே பறந்தனர், பழுதும் பார்த்தனர். ஊர்தியின் வரலாறு ஓரிருவரது நினைவிலும் குறிப்புப் புத்தகத்திலும் அடங்கியது. வாணிபம் வளர்ந்தபோது இந்நிலை மாறிற்று. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த காலத்தில், செலுத்துபவர் ஒருவர், செப்பனிடுபவர் பலர், உரிமையாளர் வேறொருவர் என்றாயிற்று. 1944 டிசம்பர் 7இல் 52 நாடுகள் கைச்சாத்திட்ட சிக்காகோ உடன்படிக்கை, ஒவ்வொரு விமானமும் பயண ஏட்டையும் பறத்தற்றகுதிச் சான்றையும் சுமந்து செல்லல் வேண்டுமென விதித்தது. பழுதுபார்ப்புப் பதிவேடுகளுக்கான நெறிகள் அதன் பின்னிணைப்புக்களில் வகுக்கப்பட்டன.

அவ்வேடுகளில் எழுதப்படுவன யாவை? ஆண்டுக்கணக்கொன்றே விமானத்தின் வயதைக் காட்டுவதன்று. பறந்த மணிகளும், எழுந்து இறங்கிய தடவைகளும் அதனை அளப்பன. செய்த வேலை, மாற்றிய உறுப்பின் இலக்கம், நாள், கையொப்பமிட்டவரின் உரிமப்பத்திர இலக்கம் ஆகியனவும் பதியப்படும். வரையறுத்த ஆயுளுடைய எந்திர உறுப்பாயின், அது பிறந்த ஆலையிலிருந்து இன்றுவரை எந்த விமானத்தில் எத்தனை தடவை பறந்தது என்ற தொடர்ச்சி அறாதிருத்தல் வேண்டும்.

தடவைக் கணக்கின் அருமையை உலகுக்கு உணர்த்தியவை பிரித்தானியாவின் கொமெற் விமானங்களாம். 1954 ஜனவரி 10இலும் ஏப்ரல் 8இலும் இரு கொமெற் விமானங்கள் வானிலே சிதைந்து மத்தியதரைக் கடற்பரப்பில் வீழ்ந்தன. உயரத்திற் பறக்குந்தோறும் உட்காற்றின் அமுக்கத்தால் விமானத்தின் உடல் விரியும், இறங்குந்தோறும் சுருங்கும். ஃபார்ன்பரோ ஆய்வுநிலையத்தார் மற்றொரு கொமெற்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி இவ்வமுக்கத்தை மீண்டும் மீண்டும் செலுத்தினர். முன்னர்ப் பறந்தவற்றையுங் கூட்டி, 3,057ஆம் தடவையில் அது பிளந்தது. உலோகமும் களைப்படையும் என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

எனினும் எண்ணை எழுதிவைத்தல் மட்டும் போதுமானதன்று. 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளிலே மேற்கூரையின் ஒரு பகுதியை இழந்த அலோகா நிறுவனத்தின் போயிங் விமானம் 89,680 தடவை பறந்திருந்தது. எண் ஏட்டில் இருந்தது. வெடிப்புக்கள் கண்ணுக்குத் தப்பின. இதற்கு மாறானது சீன ஏர்லைன்ஸ் 611ஆம் இலக்க விமானத்தின் கதை. 1980 பெப்ரவரி 7இல் ஹொங்கொங்கில் அதன் வாற்பகுதி ஓடுபாதையில் உராய்ந்தது. அப்பழுது உரிய முறைப்படி செப்பனிடப்படவில்லை. செப்பனிட்டவாற்றை முழுமையாகக் கூறும் குறிப்புக்களும் பேணப்படவில்லை. மூடிய தகட்டின் கீழே வெடிப்பு வளர்ந்தது. 22 ஆண்டுகளின் பின்னர், 2002 மே 25இல், விமானம் வானிலே சிதைய 225 பேர் மாண்டனர்.

காகித ஏட்டின் குறைகள் பல. கையெழுத்து விளங்காது, தீயும் நீரும் அழிக்கும், விமானம் கைமாறும்போது பெட்டி பெட்டியாகச் செல்லும் தாள்களில் ஒன்று தவறினும் தொடர்ச்சி அறும். ஆகவே இலத்திரனியல் ஏடுகள் எழுந்தன. 2002இல் ஐக்கிய அமெரிக்காவின் வான்போக்குவரத்து ஆணையம் இலத்திரனியற் கையொப்பத்துக்கும் பதிவேட்டுக்கும் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. கையொப்பம் அதற்குரியவர் ஒருவராலேயே இடத்தக்கதாதல், இட்டபின் பதிவு மறைவாக மாற்றப்படாமை, படிகள் பாதுகாப்பாய் இருத்தல் ஆகியன இத்தகைய முறைகளின் அடிப்படைகளாம். பழைய எழுத்தர் பிழையை ஒரு கோட்டால் அடித்து, அருகே கையொப்பமிட்ட ஒழுங்கே கணினியிற் புதுவடிவு பெற்றது எனலாம்.

கருவி மாறினும் வாய்மையின் தேவை மாறாது. எந்திர உறுப்புக்கள் போலிச் சான்றுகளுடன் விற்கப்பட்ட செய்தி 2023இல் வெளியாகி, பல நாட்டு நிறுவனங்கள் தம் விமானங்களின் உறுப்புக்களைத் தேடிக் கழற்ற நேர்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது கணினி ஏட்டுக்கும் பொருந்தும்.

சான்று தொலைந்த உறுப்பு, பழுதற்றதாயினும், விமானத்திற் பூட்டத் தகாதது. உயிர்களைக் காக்கும் இவ்விதி உலோகத்துக்கு ஏற்றதே. மாந்தர்க்கு இதனை விதித்தபோது நேர்ந்ததை ஊவா அறியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டல் வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்தும், காட்டுவதற்கு ஏடில்லாத தோட்டமக்கள் பலர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வதிந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கும்வரை அரைநூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. விமான உறுப்பின் ஏட்டைக் காக்கும் பொறுப்பு உறுப்பினுடையதன்று, அதனை ஆள்வோருடையது. மக்களின் ஏட்டைக் காக்கும் பொறுப்பும் அவ்வாறே அவர்களை ஆள்வோர்க்கு உரியதாகும்.